21 நாள் கணக்கை மறக்காதீங்க!

பிரசவ வீட்டிலும் இழவு வீட்டிலும் பதிவு செய்யும் ஞாபகம் யாருக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், வாரிசு சான்றிதழுக்கு அலையும்போதும்தான் வரும். எனவே நாம் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியவை:

எங்கே? பிறப்போ இறப்போ நடந்த ஊரில்தான் பதிவு. தலைப்பிரசவம் தாய்வீட்டு ஊரில் நடந்தால் அங்கேதான் பதிவாகும். புகுந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பயனில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தால் தகவல் தருவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கிராமத்தில், வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ வி.ஏ.ஓ.விடம் சொல்ல வேண்டும்.

எப்போது? 1969-ஆம் வருடச் சட்டப்படி 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதன்பின் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேணும். ஒரு வருடம் தாண்டினால் ஆர்.டி.ஓ. உத்தரவு வரை போகணும்.

பேர் வைக்கலையா? பேர் இல்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பேரை இலவசமாகச் சேர்க்கலாம். பிறகு 15 வருடம் வரை கட்டணம் உண்டு.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். கணவரை இழந்த நம் சகோதரிக்கு வங்கிப் பணமும் இன்சூரன்சும் கிடைக்க இறப்புச் சான்றிதழ் வேணும்.

சான்றிதழ் வாங்கியதும் பேர், தேதியில் பிழை இருக்கான்னு பாருங்க. மாதக் கூட்டத்தில், "யார் வீட்டில் பிறப்பு, இறப்பு? பதிவாச்சா?" என்று ஒரு கேள்வி கேட்போம்!