மேற்கோளை எண்ணிப் பல்கலைக்கழகத்தை அளப்பது எப்படி?

பத்து காஜாவில் ஆறாம் படிவம் முடிக்கும் மாணவருக்குப் பேராக்கிலேயே பல தெரிவுகள் உண்டு. பக்கத்தில் ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் யூ.டி.ஏ.ஆர்., தெற்கே தஞ்சோங் மாலிமில் உப்சி. "எது சார் உசத்தி?" என்று கேட்டால், நாமும் உடனே தரவரிசையைத்தான் தேடுகிறோம். அந்த வரிசைக்குள் என்ன இருக்குன்னு பார்ப்போம்.

இங்கே மேற்கோள் என்பது கட்டுரைக்கு அழகு சேர்க்கும் குறளோ பழமொழியோ இல்லை. ஒருவரின் ஆய்வை இன்னொருவர் பயன்படுத்தி, தம் துணைநூல் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்ட பிறகே இதைப் பெரிய அளவில் எண்ண முடிந்தது. இன்று ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் எண்ணுகின்றன. மலேசிய ஆய்விதழ்களுக்கு மைசைட் இருக்கிறது.

2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் தந்தது எச்-குறியீடு. ஒரு விரிவுரையாளரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 12, 7, 4, 3, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 3 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் மூன்றாவது உண்டு. ஆனால் 4 மேற்கோள் பெற்றவை நான்கு இல்லை. ஆகவே குறியீடு 3. முதல் கட்டுரைக்கு 12-க்குப் பதில் 1,200 வந்தாலும் அதே 3தான்! தேர்வு எழுதுவோர் இதைக் கவனிக்கணும்.

நிறுவனத்துக்கு வேறு கணக்கு. கியூ.எஸ். உலகத் தரவரிசை, மொத்த மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கு 20 விழுக்காடு தருகிறது. தன் கட்டுரையைத் தானே சுட்டுவதைக் கழித்துவிடுகிறது. மருத்துவம் போன்ற துறைகள் பொதுவாக அதிக மேற்கோள் பெறுபவை என்பதால், துறைவாரியாகவும் சமன் செய்கிறார்கள்.

தமிழாய்வுக்கு இந்தச் சமன் போதாது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார். அதன் தாக்கத்தை நாம் அறிவோம். ஆனால் தமிழ் நூல்களிலும் இதழ்களிலும் வரும் மேற்கோள்களில் பெரும்பகுதி ஸ்கோபஸின் கண்ணில் படுவதே இல்லை. போதாக்குறைக்கு, அவர் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒட்டி எழுதுவார், ஒருவர் பிரித்து எழுதுவார், இன்னொருவர் 'சேவியர்' சேர்ப்பார். கணினிக்கு மூன்று பேர்!

முதுகலை ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் தங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஆர்கிட் எண் இலவசம், பதிந்துகொள்ளுங்கள். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் தலைப்பும் சுருக்கமும் சேருங்கள். துணைநூல் பட்டியலில் சக ஆசிரியரின் தமிழ்க் கட்டுரையை விட்டுவிடாதீர்கள். அவருக்கு அது ஒரு மேற்கோள்.