குற்றவாளி சேலை அல்ல, நாடா

ஆவணி முகூர்த்தத்துக்காக ஆரணிக்குப் பட்டு எடுக்கக் கிளம்பும் நேரத்தில் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "சேலை கட்டினால் புற்றுநோயாமே, சாயமா ஜரிகையா காரணம்?" இரண்டும் இல்லை. கல்யாணப் பட்டு ஆண்டுக்கு நாலு நாள் உடுத்துவது. கணக்கில் வருவது, தினமும் இடுப்பை இறுக்கும் பாவாடை நாடா.

'சேலைப் புற்றுநோய்' என்ற தலைப்பு 2024 நவம்பரில் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த இரண்டு பெண்களின் கதைக்குப் பிறகு பெரிதாகப் பரவியது. எழுதியவர்கள் மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள். ஒருவருக்கு வயது 70. பதினெட்டு மாதமாக விலாப்பக்கத்தில் ஆறாத புண். இன்னொருவர் உள்பாவாடையே இல்லாமல் 'லுக்டா' சேலையை நாற்பது ஆண்டு இடுப்பில் இறுக்கி முடிந்தவர். இது சேலைக்கு மட்டுமான நோயும் இல்லை. 1945-லேயே பம்பாயில் கனோல்கரும் சூர்யாபாயும் 'வேட்டிப் புற்றுநோய்' பற்றி எழுதிவிட்டார்கள்.

இரவில் நாடாவை அவிழ்த்ததும் இடுப்பைப் பாருங்கள். விரல் அகலத்தில் ஒரு கறுத்த பட்டை, கொஞ்சம் செதில், அரிப்பு. பலருக்கு அதோடு சரி. சிலருக்கு வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் கிழியும். ஆறுவதற்குள் மறுநாள் காலை அதே இடத்தில் அதே முடிச்சு. புண்ணின் விளிம்பில் செல்கள் ஓயாமல் பிரிந்து பழுதுபார்க்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் அவற்றில் ஏதோ ஒன்று தடம் மாறலாம். என்னை உறுத்துவது அடுத்த கட்டம்தான். கிழிந்து கிழிந்து ஆறிய இடம் தழும்பாகிறது, அந்தத் தழும்பில் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் குறைவு. உடலின் காவல் செல்கள் அங்கே சரியாக எட்டுவதில்லை என்பது மருத்துவர்களின் கணிப்பு. ஆறியதற்கு அடையாளம் என்று நாம் நம்பும் தழும்பே புற்றுக்கு மறைவிடம் கொடுக்கிறது. தழும்பு என்ற வேலியைத் தாண்டிவிட்டால் சாதாரணத் தோல் புற்றைவிட வேகமாகப் பரவும். அந்த இரண்டாவது பெண்ணுக்குத் தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை போயிருந்தது. நாள்பட்ட புண்ணில் இப்படி எழும் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பழைய தீக்காயத் தழும்பிலும் வரும்.

'மிக அரிது' என்கிறார்கள். மருத்துவ இதழில் எழுதப்பட்டவை சில என்பதே அதன் பொருள். களிம்பு தடவிக்கொண்டே காலம் கழித்தவர்களை யார் எண்ணினார்கள்? அரசு முகாமில் 'புற்றுநோய்ப் பரிசோதனை' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான். இடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

சிகிச்சை? புண்ணின் விளிம்பில் பல இடங்களில் சதை எடுத்துச் சோதிப்பார்கள். உறுதியானால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி, வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள், தேவைப்பட்டால் கதிர்வீச்சு.

தொற்றுமா? தொற்றாது.

சேலையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம், நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி, வீட்டில் தளர்வான கட்டு.

எங்கே போவது? ஆரணிக்காரர்களுக்கு வேலூர் சிஎம்சி பக்கம். அரசு மருத்துவமனை என்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை.

இடுப்புப் புண் மூன்று மாதத்தில் ஆறவில்லையா? இன்னொரு களிம்பு வாங்காதீர்கள். சதைப் பரிசோதனை கேளுங்கள்.