கோடை வெயிலும் டயர்க் காற்றும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் பங்குகளில், வெகுதூரம் ஓடிவந்த கார் நின்றதும் நிற்காததுமாக, வெயிலுக்கு டயர் வெடித்துவிடுமே என்ற அச்சத்தால் வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுகிற வழக்கம் இருக்கிறதே, அது நல்லெண்ணத்தில் பிறந்ததேயாயினும் பௌதிக சாஸ்திரத்துக்கு நேர்விரோதமானது. எந்த விபத்துக்கு அஞ்சுகிறோமோ அதையே கூப்பிட்டு அழைப்பது.

காரின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு காரில் ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் சுமார் 250 கிலோ இறங்குகிறது. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் இடம் விரல்களை நீக்கிய உள்ளங்கை அளவே ஆகும். காற்று குறையக் குறைய அந்த இடம் அகன்று, டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நிமிஷத்துக்குச் சுமார் 900 தடவை நிகழ்கிறது. மடங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தரும் சுபாவம் ரப்பருக்கு இல்லையாதலால், மிச்சம் உஷ்ணமாகி உள்ளேயே தங்குகிறது. அந்த உஷ்ணம் மிஞ்சினால் எஃகு நாடாவும் ரப்பரும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் இவ்வாறு பிரிந்து உயிர்ச்சேதம் விளைந்தபோது, டயரின் குறைபாடு, வண்டியின் அமைப்பு ஆகியவற்றோடு, வண்டிக்கு விதித்திருந்த 26 பவுண்டு அழுத்தமும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. காற்று குறைந்தால் ஓட்டுபவரை எச்சரிக்கும் கருவி அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமானதற்கு, அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம்தான் மூலகாரணம்.

உங்கள் காருக்கு உரிய அளவு எது? ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ, சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும், சில வேளை நிறைபாரத்துக்கும் தனித்தனியே அது அச்சிடப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அதன் உச்சவரம்பு; அதைக் கண்டு காற்றடிப்பது தவறு. எல்லா வண்டிக்கும் 'முப்பது' என்று பங்கில் அடித்துவிடுவதும் சரியன்று.

சீட்டில் உள்ள எண், குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்று ஆறிய டயருக்கு உரியது. காலையில் 27 டிகிரியில் 33 பவுண்டு இருந்த டயர், ஓட்டத்தில் 57 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 38 ஆகும். இந்த ஏற்றத்தை முன்கூட்டியே எண்ணித்தான் தயாரிப்பாளர் 33 என்று விதித்திருக்கிறார். இதை அறியாமல் சூட்டோடு 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை ஆறிய டயரில் மிஞ்சுவது 29-க்கும் குறைவே. அத்தோடு குடும்பத்தையும் மூட்டைமுடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர், டயர் முன்னிலும் அதிகமாக மடங்கிச் சூடேறுவதற்கே வழி செய்கிறார்.

ஆதலால் சிறிய அழுத்தமானி ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையும் நெடும்பிரயாணத்துக்கு முன்பும், வண்டியை எடுக்காத காலை வேளையில் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களையும் பார்ப்பதே உசிதம். வழியில் சூடான டயரை அளக்க நேர்ந்து எண் கூடுதலாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். சீட்டில் கண்ட அளவுக்கும் கீழே இருந்தால் மட்டும் உடனே அடித்துக்கொண்டு, டயர் ஆறியபின் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.