வால்யூமைக் குறைத்தும் 'உர்ர்' சத்தமா? வால்வு ஆம்ப்ளிஃபையரில் எந்த கண்டென்சர் போச்சு?

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், "கண்டென்சர் போயிடுச்சு" என்று எலெக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்து பாட்டுக் கேட்பவர்களுக்கும் அதே கண்டென்சர்தான் தலைவலி. ஆனால், இங்கே திருடன் அவ்வளவு சுலபமாகச் சிக்க மாட்டான்.

தாத்தா காலத்து மர்ஃபி ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குமே கண்ணாடிக் குழாய், அதுதான் வால்வு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் தயாரித்த வால்வுகள், இன்று பழைய ஸ்டாக்கில் கிடைத்தால்தான் உண்டு. அப்படித் தேடிப் பிடித்ததை ஒரு சின்ன கண்டென்சர் எரித்துவிட்டால் வயிறு எரியாதா?

வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ஸ்பீக்கர் 'உர்ர்' என்றால், முதல் சந்தேகம் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் மீதுதான். வால்வுச் சூட்டில் அதன் உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துவிடும். மேல்பக்கம் உப்பியிருந்தால் கேள்வியே வேண்டாம்.

இன்னொரு கோளாறுதான் விஷமம் பிடித்தது. பத்து நிமிடம் நன்றாகப் பாடும், பிறகு கரகரக்கும். அவுட்புட் வால்வுக்குள் இருக்கும் தகடு சிவந்தால், உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் காரணம் கப்ளிங் கண்டென்சர். பாட்டை மட்டும் உள்ளே விட்டு, டி.சி. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய வாட்ச்மேன் அது. இ.எல்.84 வால்வை அடக்கி வைப்பது சுமார் 7 வோல்ட்தான். அதில் 2 வோல்ட் கசிந்தாலே கரன்ட் எகிறும். பழைய காகித கண்டென்சர்கள் ஈரத்தை இழுத்துக் கசியும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 'நல்லாத்தான் இருக்கு' என்று காட்டும். மீட்டர் தருவது சில வோல்ட், கசிவதோ 200 வோல்ட்டுக்கு மேல்! அதனால் பவரை அணைத்து, அவுட்புட் வால்வைக் கழற்றி, அதன் கிரிட் பின்னுக்கும் சேஸிஸுக்கும் மீட்டரைக் கிளிப் போட்டு மாட்டிவிட்டு மறுபடி பவர் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் செய்யும் எளிய இ.எல்.84 ஆம்ப்களில் பூஜ்யம் வர வேண்டும். ப்ளஸ் வோல்ட் காட்டினால் கண்டென்சரை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கலாம், ஆளையே கொல்லும். ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஐயப்பன்தாங்கலிலிருந்து உதிரிபாகத்துக்காக அண்ணா சாலை பக்கம் ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்கள், பழைய கண்டென்சரையே கையோடு எடுத்துப் போகலாம். மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. கப்ளிங்குக்கு 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கேட்டு வாங்கலாம். எலெக்ட்ரோலைட்டிக்கில் மட்டும் ப்ளஸ், மைனஸ் பார்த்து மாட்டுங்கள், மாறினால் வெடித்துவிடும்.