அடுப்படிக்கு வரும் அரை ஆள்

என் இடது முன்கையில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஏழு வயதில் வந்தது. அம்மா வயலுக்குப் போயிருந்தாள். உலை பொங்கி வழிந்தது. "பொம்பளப் பிள்ளைதானே, கஞ்சி வடிக்கத் தெரியாதா?" என்று திண்ணையில் இருந்தபடியே பாட்டி கேட்டாள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பானையைச் சாய்த்தேன். கஞ்சி தட்டில் விழாமல் கையில் விழுந்தது. பாட்டி ஓடிவந்து புளித்த தோசை மாவை அள்ளி அப்பினாள். மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ந்த மாவை நனைத்து நனைத்து எடுத்தார்கள். சுட்டபோது அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன்.

இப்போது என் மகனுக்கு ஐந்து வயது. அவனை நானே அடுப்படிக்குக் கூப்பிடுகிறேன். "பட்டும் புத்தி வரவில்லையா?" என்று மாமியார் கேட்பார். பட்டதால்தான் கூப்பிடுகிறேன். கூப்பிடாத பிள்ளையும் வரத்தான் செய்யும். நாம் பார்க்காத நேரத்தில், முதுகுக்குப் பின்னால், சேலையைப் பிடித்துக்கொண்டு வரும். அப்படி வரும் பிள்ளைக்கு எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நம் வீட்டுச் சமையல் மேடை பெரும்பாலும் 32 முதல் 34 அங்குல உயரம். ஐந்து வயதுப் பிள்ளை ஏறக்குறைய 42 அங்குலம். மேடைமேல் அடுப்பு, அதன்மேல் குழம்புச் சட்டி. சட்டியின் வாய் சரியாகப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வருகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டிக்குள் இருப்பது தெரியாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி மட்டும் தெரியும். தெரிவதைத்தான் அது பிடித்து இழுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களில் தீயால் வருவதைவிடக் கொதிநீர், பால், ரசம், குழம்பு கொட்டி வருவதே அதிகம். பிள்ளையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. நமக்குக் கை சிவந்து போகும் சூட்டில் அதற்குக் கொப்புளமே வந்துவிடும்.

இதற்கு மாற்றாகப் பிள்ளையை முக்காலியில் ஏற்றி அடுப்பருகே நிறுத்துகிறார்கள். பிளாஸ்டிக் முக்காலி சறுக்கினால் பிள்ளை பிடிமானத்துக்குக் கைவைக்கப்போவது அடுப்பில்தான். ஏற்ற வேண்டாம், வேலையைக் கீழே இறக்குங்கள். தரையில் ஒரு பாயைப் போட்டு, பட்டாணி உரிக்க, கறிவேப்பிலை உருவ, கீரை ஆய, அரிசி கழுவ, சப்பாத்தி மாவு பிசைய, கொழுக்கட்டை பிடிக்க விடுங்கள். சமையலில் பாதி வேலை அடுப்புக்கு வெளியேதான் நடக்கிறது. நம் பாட்டிமார் உட்கார்ந்து செய்த வேலைகள் எல்லாமே பிள்ளையின் உயரத்துக்குப் பொருந்தும், அரிவாள்மனையைத் தவிர.

ஆனால் வேலையோடு சேர்த்து அடுப்பையும் கீழே இறக்கிவிடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது கேஸ் அடுப்பைத் தரையில் வைத்துச் சுற்றி உட்காருவது பல வீடுகளில் வழக்கம், எங்கள் வீட்டிலும்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்வது இதனால்தான். தரையில் அடுப்பு, பக்கத்தில் சிலிண்டர், எதிரே எண்ணெய்ச் சட்டி, சட்டிக்கு இந்தப் பக்கம் நாலு பிள்ளைகள் என்றால் ஒரே இடத்தில் எல்லாத் தப்பும் சேர்ந்துவிடுகிறது.

எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது. நாம் உணரும் அந்த நாற்றம் கசிவைக் கண்டுபிடிக்கவே சேர்க்கப்படுவது. அதைப் பிள்ளைக்கும் அடையாளம் காட்டி வையுங்கள். "இந்த நாத்தம் வந்தா சுவிட்சைத் தொடாதே, அம்மாவைக் கூப்பிடு, வெளியே ஓடு." பெரியவர்கள் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் பேசலாம். நாடு முழுவதும் இரவு பகலாக இயங்கும் எரிவாயுக் கசிவு உதவி எண் அது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு நாற்றத்தைப் போக்கலாம் என்று தோன்றும், போடாதீர்கள். சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும்.

சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது எடை போட்டுக் காட்டவும், கசிவு இருக்கிறதா என்று பார்த்துத் தரவும் கேட்பது நம் உரிமை. கொண்டுவருபவர் அவசரத்தில் இருப்பார், கேட்டால் முகம் சுளிப்பார், அவருக்கும் இன்னும் ஐம்பது வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஆனாலும் கேளுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் அதையொட்டி ஆண்டும் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏ, அடுத்த மூன்று மாதம் பி, இப்படிப் போகும். அடுத்த பரிசோதனைக்கு உரிய காலம் அது. கடந்துவிட்டிருந்தால் வாங்க வேண்டாம். அடுப்புக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் உள்ள ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாய்க்கு ஆயுள் 5 ஆண்டு. எங்கள் வீட்டுக் குழாயின் மேல் அச்சடித்த ஆண்டை நான் போன மாதம்தான் முதன்முதலாகப் படித்தேன். எந்த ஆண்டு என்று இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மிக்சி, கிரைண்டர் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், அவ்வளவுதான். ஓடும் கிரைண்டரில் பின்னலோ தாவணியோ பாவாடை நாடாவோ சிக்கினால் இழுத்தெடுக்க நேரம் இருக்காது. மிளகாய் கிள்ளும் வேலையை ஏழெட்டு வயது வரை தராதீர்கள், கை எப்படியும் கண்ணுக்குப் போகும். வேர்க்கடலை உடைக்கும்போது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றிரண்டை வாயில் போடும், அது மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய அளவு. பச்சைக் கோழிக்கறி கழுவிய தண்ணீரில் பிள்ளை அளைந்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் அடுத்த வேலைக்கு விட வேண்டாம்.

குக்கருக்கு வருவோம். பிள்ளைக்குக் குக்கரில் ஒரே வேலை, தூரத்தில் நின்று விசில் எண்ணுவது. அதைவிட மகிழ்ச்சியான வேலை அதற்கு வேறு கிடையாது. என் மகன் மூன்று விசிலை ஏழாக எண்ணிப் பருப்பைப் பச்சையாக இறக்கவைத்த நாளும் உண்டு. வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. முத்திரையில்லாத குக்கரை விற்றதற்காக 2022இல் பெரிய இணைய விற்பனை நிறுவனங்கள் மீதே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விலை குறைவு என்று வாங்கும் முன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒருநாள் சுட்டுவிடலாம். அப்போது உடனே நாம் செய்வது தழும்பின் அளவைக் குறைக்க உதவும். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பிள்ளை கத்தும், நமக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரமாகத் தெரியும், இரண்டாவது நிமிடத்திலேயே தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். சின்னக் காயம் என்றால் பொறுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். காயம் உடம்பில் பெரும்பகுதியில் இருந்தால் நீண்ட நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல், பிள்ளை குளிர்ந்துபோகாதபடி போர்த்தி, உடனே 108ஐ அழையுங்கள்.

வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன் கழற்றுங்கள், தேவைப்பட்டால் வெட்டுங்கள். அரைஞாணை வெட்டத் தயங்குகிற வீடுகள் உண்டு, வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோசை மாவு, பற்பசை, மை, நெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும், கிருமியைக் கொண்டுவரும், காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்கவும் விடாது. சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் தளர மூடினால் போதும்.

பிள்ளையின் உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, அதன் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அந்தக் கையகலத்தைவிடக் காயம் பெரிதென்றாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். கைக்குழந்தை என்றால் எந்தக் காயமானாலும் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு பல்லாண்டுகளாக இதற்கென்றே பெயர்பெற்றது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும், முதலில் அங்கே சொல்லிவிட்டு வாருங்கள்" என்று எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கும்போது வீட்டில் இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெடித்த குக்கரையோ உருகிய குழாயையோ கழுவிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பொருளின் குறையால் காயம்பட்டால் தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும்.

எரிவாயு விபத்து என்றால் இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. பதிவு செய்த ஒவ்வோர் இணைப்புக்கும் எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டுவதில்லை. காயத்துக்கான மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும், உயிரிழப்புக்கு 6 லட்சமும் கிடைக்க வழியுண்டு. விபத்து நடந்ததை ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவையுங்கள். போலீஸ் அறிக்கையும் ஆஸ்பத்திரி ரசீதுகளும் தேவைப்படும்.

இனி என் பாட்டி விஷயம். கூடச் சமைப்பதற்கும் வேலை வாங்குவதற்கும் நடுவே கோடு எங்கே? சட்டம் சில இடங்களில் போட்டிருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இன்னொருவர் வீட்டுச் சமையலுக்கோ வீட்டு வேலைக்கோ வைப்பது குற்றம். 2016 திருத்தத்துக்குப் பின் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். "சொந்தக்காரப் பொண்ணு, கூடமாட இருக்கா" என்று சொல்லப்படும் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்தால் 1098க்குச் சொல்லலாம். சொந்த வீட்டுக்குள் சட்டம் அவ்வளவு எட்டிப் பார்ப்பதில்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அந்தத் தாள் நம் அடுப்படிச் சுவரில் ஒட்டப்படுவதில்லை.

வீட்டுக்குள் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பாதியில் "போரடிக்குது, விளையாடப் போறேன்" என்று எழுந்து போனால் யாரும் திட்டாத வீட்டில் அது கூடச் சமைக்கும் பிள்ளை. எழுந்து போனால் அன்றைக்குச் சோறு ஆகாது என்றால் அது வேலையாள். வீட்டில் அண்ணன் டி.வி. பார்க்கத் தங்கை மட்டும் வெங்காயம் உரித்தாலும் கணக்கு இதுவே. பையன்களைக் கூப்பிடாமல் பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுவிட்டு, "பழக்குறோம்" என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிக்குமேல் பொய்.

போன விநாயகர் சதுர்த்திக்கு என் மகன் பிடித்த கொழுக்கட்டை ஒன்றுகூடக் கொழுக்கட்டை வடிவில் இல்லை. ஒன்று லாரி, ஒன்று ஆமை, மூன்று வெறும் உருண்டை. வேகும்போது லாரி வாய் பிளந்து பூரணம் தட்டெல்லாம் ஓடியது. இட்லிப் பானையின் மூடியை நான் திறந்தபோது அவன் நான் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் நின்றான். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்து, "ஆவி பட்டா இப்படியா ஆகும்மா?" என்றான். இல்லடா, இது கஞ்சி என்றேன். அவனுக்குக் கஞ்சி வடிப்பது என்றால் என்னவென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் குக்கர்தான்.