குறை தெரிந்த ஆன்டெனா

சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது 2023 ஜூலை 14இல். அதற்கு ஐந்தரை மாதம் முன்பு, ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை, பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் அதன் லேண்டருக்கு இ.எம்.ஐ.–இ.எம்.சி. சோதனை நடந்தது. கலத்தின் ஒரு கருவி கிளப்பும் மின்காந்த அலை இன்னொன்றைக் குழப்பிவிடக் கூடாது. ராக்கெட்டோடும் ரோவரோடும் கலம் ஒத்துப்போக வேண்டும். அதைத்தான் சரிபார்த்தார்கள்.

நிலவுக்குப் போகாத பொருள்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. வைஃபை ரூட்டர், எல்.இ.டி. விளக்கு, மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் என்று உள்ளே மின்சாரம் வேகமாக விட்டுவிட்டு ஓடும் எதுவும் ரேடியோ அலையைக் கசியவிடும். எந்த அலைவரிசையில் கசியும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை, சில பொருள்களுக்கு அதற்கு மேலும், தேட வேண்டியிருக்கிறது.

சிக்கல் இங்கேதான். சாதாரண டைபோல் ஆன்டெனா அலைநீளத்தில் பாதி இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு அது 5 மீட்டர்; 1,000 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 15 சென்டிமீட்டர். அலைவரிசை மாற மாறக் கம்பியை நீட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் ஒரு பொருளைச் சோதிக்கவே நாள் போதாது. அதனால்தான் இங்கே அகலப்பட்டை ஆன்டெனாக்களைப் பயன்படுத்துகிறார்கள்.

கம்பிக்கு ஒரு நீளம் உண்டு. ஆகவே அதற்குப் பிடித்த அலைவரிசையும் உண்டு. ஆனால் முடிவில்லாமல் விரியும் ஒரு கூம்புக்கு நீளமே கிடையாது, கோணம் மட்டும்தான். நுனியோடு நுனி பார்க்கும் இரண்டு கூம்புகளை ஆன்டெனாவாக்கும் யோசனை 1890களிலேயே ஆலிவர் லாட்ஜுக்கு வந்துவிட்டது. முடிவில்லாக் கூம்பை ஆய்வகத்துக்குள் வைக்க முடியாதே! அதனால் இன்றைய பைகோனிக்கல் ஆன்டெனா சுமார் 1.3 மீட்டரில் வெட்டி நிறுத்திய கம்பிக்கூடு. 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் பொறுப்பு.

அதற்கு மேல் லாக்-பீரியாடிக். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பார்த்தால் மொட்டைமாடி டி.வி. ஆன்டெனா மாதிரிதான் தெரியும். ஆனால் யாகி வகை டி.வி. ஆன்டெனாவில் வயர் இணைவது ஒரே கம்பியோடு; இதில் எல்லாக் கம்பிகளோடும். கம்பிகளின் நீளமும் இடைவெளியும் ஒரே விகிதத்தில் வளரும். எந்த அலை வந்தாலும், அதற்கேற்ற நீளமுள்ள இரண்டு மூன்று கம்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை ஒதுங்கி நிற்கும். பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, கௌரிபிதனூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம் சூரியனின் ரேடியோ அலைகளைக் கவனிப்பதும் இந்த வகை ஆன்டெனாக்களைக் கொண்டுதான்.

1,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் ஹார்ன் ஆன்டெனாவின் ராஜ்ஜியம். 1897இல் லண்டனில் ஜகதீஷ் சந்திர போஸ் காட்டிய புனல்தான் அதற்கு முன்னோடி. உட்சுவரில் இரண்டு முகடுகள் வைத்த இன்றைய வகை, 18 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே மூச்சில் போகும்.

இத்தனை அகலம் சும்மா கிடைப்பதில்லை. 30 மெகாஹெர்ட்ஸில் அந்தப் பைகோனிக்கல் கம்பிக்கூடு தேவைக்கு மிகச் சின்னது. வரும் அலையில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். வீட்டு ஆன்டெனாவாக இருந்தால் கழற்றி எறிந்துவிடுவோம். ஆய்வகத்தில் அது ஒரு குறையே இல்லை; எவ்வளவு குறை என்பது துல்லியமாகத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் அதைச் சொல்லும் எண்ணுக்கு ஆன்டெனா ஃபேக்டர் என்று பெயர்.

ஒரு கணக்கு பார்ப்போம். டெசிபெல்லில் எழுதினால் பெருக்கல் கூட்டலாகிவிடும். ரிசீவரில் தெரிவது 12. ஆன்டெனா ஃபேக்டர் 14. கேபிளில் இழந்தது 2. கூட்டினால் புலத்தின் வலிமை 28. வீட்டுச் சாதனங்களுக்கு, 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தூரத்தில் சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு வைத்த வரம்பு 30, அதாவது மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட். பொருள் பாஸ். ஃபேக்டர் உண்மையில் 17 என்றால்? கூட்டுத்தொகை 31, ஃபெயில். பொருள் மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது.

அளக்கும்போது பொருள் சுழல்மேசையில் ஒரு முழுச்சுற்று சுற்றும். ஆன்டெனா கம்பத்தில் 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓர் உயரத்தில் ஒன்றையொன்று அழிக்கும், இன்னோர் உயரத்தில் கூடும்; கூடுகிற இடத்தைப் பிடிக்கத்தான் இந்த ஏற்றஇறக்கம். பிறகு ஆன்டெனாவைக் குறுக்கே இருந்து நெடுக்காகத் திருப்பி எல்லாவற்றையும் மறுபடி செய்வார்கள்.

கீழே விழுந்து ஒரு கம்பி வளைந்தாலும் ஃபேக்டர் மாறலாம். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காலிப்ரேஷன். சரியானது என்று நம்பக்கூடிய ஆன்டெனா ஒன்றுகூட இல்லாமலே அதைச் செய்ய முடியும். மூன்று ஆன்டெனாக்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, ஒன்று அனுப்ப மற்றது வாங்க, மூன்று முறை அளக்கிறார்கள். மூன்று சமன்பாடுகள், மூன்று தெரியாத எண்கள். மூன்றின் குறையும் ஒருசேர வெளியே வந்துவிடும். சோதனை அறிக்கையில் ஆன்டெனாவின் பெயரோடு அதன் காலிப்ரேஷன் தேதியும் இடம்பெறுவது இதனால்தான்.