வீடற்ற பிள்ளைகளுக்கு யார் துணை?

இந்தியப் பெருநகரங்களின் தெருக்களில் வாழும் பிள்ளைகள் மூன்று வகையினர். சென்னையின் வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை போன்ற இடங்களில் நடைபாதையிலேயே பிறந்து, தாய் தகப்பனோடு அங்கேயே வளர்பவர்கள் முதல் வகை. பகலெல்லாம் குப்பை பொறுக்கியோ பூ விற்றோ சம்பாதித்து, இரவில் குடிசைக்குத் திரும்புபவர்கள் இரண்டாம் வகை. வீட்டோடு தொடர்பு அற்றுப்போய், ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தனியே காலம் தள்ளுபவர்கள் மூன்றாம் வகை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்களாகக் கணக்கிட்டது. அது பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுத்த கணக்கு. போலீஸைக் கண்டாலே ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இப்படிப்பட்ட கணக்கில் எளிதில் விடுபட்டுப்போவார்கள்.

ஒரு பிள்ளை வீட்டை விட்டு ஓடியது என்றதும், அதன் பிடிவாதத்தையோ சினிமா ஆசையையோ காரணமாகச் சொல்வது ஊர் வழக்கம். தினமும் விழும் அடி, தகப்பனின் குடி, பெற்றவர்களின் மரணம், மறுமணத்துக்குப் பின் வந்த புறக்கணிப்பு, தேர்வில் தோற்ற பயம், கடனுக்காக வேலைக்கு அனுப்பப்பட்ட இடத்தில் பட்ட கொடுமை என்று பல காரணங்கள் சேர்ந்துதான் அதை வெளியே தள்ளுகின்றன. பெண்பிள்ளைகளுக்குப் பாலியல் தொல்லையும் கட்டாயத் திருமணமும் கூடுதல் காரணங்கள். மகனாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளைக்கு வீட்டுக் கதவே சாத்தப்படுவதும் உண்டு. பல காரணங்களால் வெளியேறிய பிள்ளையை ஒரே உதவியால் மீட்டுவிட முடியாது. சோறு, கூரை, படிப்பு, அடையாளச் சான்று, நம்பிப் பேச ஒரு பெரியவர் என்று எல்லாம் தொடர்ச்சியாகக் கிடைத்தால்தான் மீட்பு நிலைக்கும்.

முதல் சில மணி நேரம்

ஓடிவரும் பிள்ளைகளில் பலரும் முதலில் வந்து இறங்குவது ரயில் நிலையத்தில். அங்கே படுக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும், கூட்டத்தில் கலந்துவிடலாம். வந்து சில மணி நேரத்துக்குள் யாராவது அந்தப் பிள்ளையிடம் பேசிவிடுவார்கள். அந்த ஆள் நல்லவரா, வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகரா என்பதைப் பொறுத்து அதன் வாழ்க்கையே திசை மாறும்.

இதனால்தான் பெரிய ரயில் நிலையங்களில் குழந்தைகள் உதவி மையங்கள் இயங்குகின்றன. அங்குள்ள களப்பணியாளர்கள் நெடுந்தூர ரயில்கள் வரும் நேரத்தில் நடைமேடையில் நிற்கிறார்கள். துணைக்குப் பெரியவர் இல்லாத பிள்ளை, பையில்லாமல் வந்த பிள்ளை, எல்லோரும் வெளியேறிய பின்னும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஆகியோரைக் கவனிப்பது அவர்கள் வேலை. போர்ட்டர்களும் டீ விற்பவர்களும் இவர்களுக்குத் தகவல் தருகிறார்கள். ஊர் பேர் கேட்டு விசாரிப்பது பிற்பாடுதான், 'சாப்பிட்டியா?' என்பதே முதல் கேள்வி. ரயில்வே துறையும் 2015-ல் இதற்கென்று நடைமுறை விதிகளை வகுத்தது.

நேரில் எட்டாத இடத்துக்குத் தொலைபேசி இருக்கிறது. பத்து, ஒன்பது, எட்டு என்று பிள்ளைகள் மனத்தில் வைக்கும்படி அமைந்த எண் 1098. மும்பையில் 1996-ல், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய 'சைல்டு லைன்' பின்னர் நாடெங்கும் பரவியது. இரவு பகலாக இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 2023 முதல் இது அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, 112 அவசர உதவி எண்ணோடும் இணைக்கப்பட்டது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையும் கூப்பிடலாம். அதைப் பார்த்தவரும் கூப்பிடலாம்.

சட்டம் வகுத்த வழி

இந்தச் சேவைகளுக்கு அடிப்படை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வீடற்ற, கைவிடப்பட்ட, துன்புறுத்தப்படும் பிள்ளைகளை அது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்கள் என்கிறது, குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். போலீஸ்தான் அழைத்துவர வேண்டும் என்பதில்லை. சமூகப் பணியாளரோ, அக்கறையுள்ள எந்தக் குடிமகனோ அழைத்துவரலாம். பிள்ளை தானாகவே வந்தும் நிற்கலாம். தனித்துக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தும் உரியவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுவது இச்சட்டப்படி தண்டனைக்குரியது.

அடுத்து, பிள்ளையின் குடும்பச் சூழலை 15 நாட்களுக்குள் விசாரிக்கிறார்கள். வீடு பாதுகாப்பானது என்றால் அங்கேயே சேர்ப்பதுதான் முதல் தேர்வு. வறுமைதான் தடை என்றால் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. தமிழ்நாட்டில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025-ல் தொடங்கியது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை பாரமாகக் கருதப்பட்டுத் தெருவுக்கு வந்துவிடாமல் இத்தகைய உதவி தடுக்கும்.

வீட்டுக்கு அனுப்ப இயலாதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பமும் குழந்தைகள் இல்லமும் உண்டு. ஆனால் விசாரிக்காமல் அவசரப்பட்டு வீட்டில் விடுவது ஆபத்து. அடிக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளை அதே அடிக்குத் திரும்பினால் மறுபடியும் ஓடும். இரண்டாம் முறை யாரையும் நம்பாது.

தெருவிலேயே நடக்கும் பணி

நெடுநாள் தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் நான்கு சுவருக்குள் உடனே அடங்குவதில்லை. சம்பாதித்துப் பழகியவர்கள், நண்பர்களைக் குடும்பமாக்கிக்கொண்டவர்கள், பசி தெரியாமல் இருக்க ஒயிட்னரையும் பஞ்சர் ஒட்டும் பசையையும் முகர்ந்து அதற்கு அடிமையானவர்கள் அவர்களில் உண்டு. இவர்களுக்காகவே திறந்த தங்குமிடங்கள் ஏற்பட்டன. குளிக்கவும் துணி மாற்றவும் சாப்பிடவும் மருந்து வாங்கவும் வரலாம். இஷ்டம் இருந்தால் தங்கலாம். நம்பிக்கை பிறந்த பிறகுதான் படிப்புப் பற்றிய பேச்சு. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் வலியுறுத்துகிறது: தெருவில் வாழும் பிள்ளையும் உரிமை உள்ள மனிதப் பிறவி, அதைக் கேட்காமல் அதைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

இந்த வழியில் பல தன்னார்வ அமைப்புகள் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. பெங்களூரில் 1980-ல் சலேசிய சபையினர் தொடங்கிய 'பாஸ்கோ' அவற்றில் மூத்தது. மீரா நாயரின் 'சலாம் பாம்பே' படத்தைத் தொடர்ந்து 1988-ல் டெல்லியில் 'சலாம் பாலக் டிரஸ்ட்' உருவானது. சென்னை தண்டையார்பேட்டையில் 'கருணாலயா' 1990-களிலிருந்து பணியாற்றுகிறது.

டெல்லியின் 'பட்டர்ஃபிளைஸ்' அமைப்பு 2001-ல் தொடங்கிய பிள்ளைகள் வங்கி, இத்தகைய பணி எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் காட்டும். தெருவில் சம்பாதித்த காசை இரவில் வைத்திருந்தால் பெரிய பையன்கள் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அன்றன்றைக்கே செலவழித்துவிடுவது பிள்ளைகளின் வழக்கம். வங்கி வந்ததும் பத்தோ இருபதோ போட்டுவைக்க ஓர் இடம் கிடைத்தது. மேலாளர்களைப் பிள்ளைகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கையும் அவர்களே எழுதினார்கள். காசு சேர்ந்ததோடு, நாளைக்கு என்று ஒன்று உண்டு என்ற எண்ணமும் சேர்ந்தது.

காகிதம் இல்லாத வாழ்க்கை

முகவரி இல்லாதவர்களுக்கு அடையாளச் சான்று பெறுவதே பெரும்பாடு. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை என்று ஒன்றைப் பெற இன்னொன்றைக் கேட்பார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் சட்டத்தை எடுத்துச் சொல்ல உடன் ஒருவர் வந்தால்தான் பல இடங்களில் கதவு திறக்கிறது. அலுவலகம் அலுவலகமாக அப்படிக் கூடவே நடப்பது சேவை அமைப்புகளின் அன்றாடப் பணி.

இந்தச் சான்றுகளின் அருமையை ஒரு விளையாட்டுப் போட்டியும் காட்டியது. தெருவோரச் சிறாருக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பைப் போட்டி 2019-ல் இங்கிலாந்தில் நடந்தது. லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென்னிந்திய அணி வென்றது. சிறுவர்களும் சிறுமிகளும் கலந்து ஆடிய போட்டி அது. வெளிநாட்டுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு முகவரியும் பிறந்த தேதியும் நிரூபிக்கப்பட வேண்டும். நடைபாதையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சிறு புத்தகமும் கோப்பைக்கு ஈடான வெற்றிதான்.

பதினெட்டுக்குப் பிறகு

குழந்தைகளுக்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதி 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதன் பின் சேவைகள் சிதறிக் கிடக்கின்றன. துன்பத்தில் இருக்கும் இளம்பெண்களுக்கு 181 உதவி எண்ணும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உள்ளன. நாட்டிலேயே முதன்முதலாக 2008-ல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. மத்திய அரசு 2020 முதல் 'கரிமா கிருஹ்' என்ற பெயரில் திருநர்களுக்குத் தங்குமிடங்கள் நடத்த உதவுகிறது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற அளவில் வீடற்றோர் காப்பகங்கள் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வற்புறுத்திய அளவுகோல். ஆனால் பெரியவர்களுக்கான காப்பகத்தில் 19 வயதுப் பையனுக்குப் படுக்க இடம் கிடைக்கலாம். வழிகாட்ட ஆள் கிடைப்பது அரிது.

இல்லத்தில் வளர்ந்தவர் 18 முடிந்து வெளியேறும்போது அவருக்குப் பிற்காப்பு தரச் சட்டம் இடம் தருகிறது. 21 வயது வரையும், சிறப்புக் காரணம் இருந்தால் 23 வயது வரையும் தங்குமிடம், தொழிற்பயிற்சி, பண உதவி ஆகியவை கிடைக்கும்.

அது சரியாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் விக்கி ராய் சான்று. மேற்கு வங்கத்தின் புருலியாவிலிருந்து 11 வயதில் ஓடிவந்து, புதுடெல்லி ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கி, உணவுக்கடையில் பாத்திரம் தேய்த்தவர் அவர். சலாம் பாலக் இல்லத்தில் வளர்ந்து, பிறகு அனய் மான் என்ற புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராகத் தொழில் கற்றார். 2007-ல் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. 2009-ல் நியூயார்க் உலக வர்த்தக மைய மறுகட்டுமானத்தைப் படமெடுக்கும் வாய்ப்பு வந்தது. அவருடைய திறமை அவருடையது. இல்லத்தை விட்டுப் புறப்படும் வயதில் ஒரு தொழிலும் அதைக் கற்றுத்தர ஒருவரும் கிடைத்ததால் அது வீணாகவில்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பிற்காப்பு இன்னும் எல்லோருக்கும் உறுதியான உரிமையாகவில்லை. கிடைத்தால் உண்டு என்ற அளவில்தான் நிற்கிறது. தாய் தகப்பன் உள்ள வீட்டில் 18 வயதுப் பிள்ளையை யாரும் தனியே பிழைத்துக்கொள் என்று அனுப்புவதில்லை. வேலை போனால் திரும்பி வரவும், காய்ச்சல் வந்தால் படுக்கவும் அவர்களுக்கு வீடு இருக்கிறது. வீடற்ற இளையோருக்கும் அதே அவகாசம் வேண்டும். நடைமேடையில் தொடங்கிப் பள்ளி வரை பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பலன், கடைசி மூன்று ஆண்டுத் துணை இல்லாமல் போவதால் கைநழுவக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பிற்காப்பு இல்லமும், இளையோரை வேலைக்கு எடுத்துப் பழக்க முன்வரும் பட்டறைகளும் நிறுவனங்களும், வெளியேறியவர்களின் நலத்தைத் தொடர்ந்து விசாரிக்கும் பணியாளர்களும் இருந்தால்தான் இந்தப் பணி முழுமை பெறும்.